ஆமாம் சொல்லப் படித்த கதை

1

போன மாதம் என் மகள் லீலாவின் பிறந்தநாள். ஏழு வயது முடிந்தது. அவள் வகுப்புப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், கூட்டி வந்த தாய் தகப்பன்மார்களும் கேக் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சு எங்கெங்கோ போய் மொழியில் வந்து நின்றது. ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்கள் எங்கள் பாஷையை எவ்வளவு அழகாகப் பேசுகிறீர்கள்!" என்றார். இத்தாலிக்காரர்கள் இதைத் தாராளமாகச் சொல்வார்கள்.

உடனே லீலா நாற்காலி மேல் ஏறிவிட்டாள். "அம்மா முதலில் எப்படிப் பேசினாள் தெரியுமா? நான் சொல்கிறேன்." ஒரு கையைக் காதில் வைத்து என்னைப் போல் நடித்தாள். இன்னொரு கையைக் காதில் வைத்து என் அப்பாவைப் போல் நடித்தாள். "தாத்தா கேட்டார், ஊருக்கு வருகிறாயா என்று. அம்மா சொன்னாள், சீ! சீ! தாத்தா, டொக்!" என்று போனை வைப்பதுபோல் காட்டினாள்.

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் பாவ்லோவும் சிரித்தார். அந்தக் கதையை அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குச் சொன்னது நான். ஒரு அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒன்றுமில்லை. அவ்வளவுதான் கதை," என்றாள் லீலா.

இந்த முறை நான் சிரிக்கவில்லை. நிறுத்தவும் இல்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இங்கே யாருக்கும் அது ஏன் என்று விளங்காது. சீ என்றால் என்னவென்று சொல்லாமலே தெரிந்தவர்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது.

2

அப்பாவுக்குத் திருவண்ணாமலையில் வாடகை சைக்கிள் கடை. வீட்டின் முன்பக்கமே கடை. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் மலையைச் சுற்றிவர சைக்கிள் எடுப்பார்கள். பாவ்லோவும் அப்படி வந்தவர்தான். ஒரு வாரத்துக்கு எடுத்த சைக்கிளை நான்கு மாதம் வைத்திருந்தார். அப்பாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. செயின் மாட்டச் சொல்லிக்கொடுத்தார், டீ வாங்கிக் கொடுத்தார், "மச்சான்"னு யாரைக் கூப்பிடக்கூடாது என்று விளக்கினார். "தங்கமான பையன்"னு அப்பாவே தெருவில் சொல்லியிருக்கிறார். பிற்பாடு தெரு அதைத்தான் அவருக்குத் திருப்பிச் சொன்னது. நீயே கூட்டியாந்து உள்ள உட்டுட்டியே கண்ணப்பா என்று.

அவசரநிலை முடிந்த மறு வருஷம் நானும் பாவ்லோவும் மெட்ராஸில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். நான் விஷயத்தைச் சொன்ன அன்று அப்பா கையை ஓங்கவில்லை. கத்தவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "சீ." அதோடு கடைக்குப் போய்விட்டார். நான் கிளம்புகிறவரை பேசவில்லை.

இத்தாலியில் பெர்காமோ என்ற ஊருக்கு வந்தோம். இதுவும் மலையடி ஊர்தான். பழைய ஊர் மேலே, புது ஊர் கீழே. நாங்கள் கீழே. பாவ்லோ ஒரு அச்சகத்துக்கு வேலைக்குப் போனார். நான் மாமியாரோடு வீட்டில் இருந்தேன். அவர் ரொட்டியைக் காட்டி ஒரு வார்த்தை சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். நான் சாப்பிடக் கேட்கிறேன் என்று நினைத்து வெட்டித் தருவார். இப்படி ஒரு குளிர்காலம் முழுக்க ரொட்டி தின்றேன்.

3

மொழி படிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் போலீஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது, தங்கும் அனுமதிக்காக. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். குடும்பப் பெயர் என்ன? எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. க. வசந்தா. அந்த க என்ன? கண்ணப்பன். அது யார்? என் அப்பா. அவர் நிம்மதியாக எழுதிக்கொண்டார்: குடும்பப் பெயர் கண்ணப்பன். இந்த நாட்டில் கல்யாணம் ஆனாலும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான் சட்டப்படி. எந்த அப்பா என் பேரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றாரோ அவர் பேரால் ஒரு நாடே என்னைக் கூப்பிடத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில், தபாலாபீஸில், எங்கேயும் சிஞ்ஞோரா கண்ணப்பன், அதாவது திருமதி கண்ணப்பன். அவர்கள் அதைக் 'கன்னாப்பான்' என்பார்கள்.

வெளிநாட்டவருக்கு மொழி சொல்லித்தரும் வகுப்பு ஒரு ஆரம்பப் பள்ளியில் மாலையில் நடந்தது. பகலில் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்தோம். முழங்கால் தாடையில் இடிக்கும். எரித்ரியாவிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த ஒரு பெண், மொரோக்கோக்காரர் ஒருவர், இரண்டு பிலிப்பைன்ஸ் பெண்கள், நான். சுவரில் பிள்ளைகள் வரைந்த ஆப்பிளும் யானையும். நான் பி.ஏ. வரலாறு படித்தவள். யானைக்குக் கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் டீச்சர் பேர் பியேரா. பெரிய உடம்பு, பெரிய குரல், நல்ல மனசு. முதல் நாள் பாடமே ஆமாம், இல்லை. இல்லைக்கு நோ. அது தெரிந்ததுதான். ஆமாமுக்கு என்ன என்று அவர் சொன்னபோது நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

சீ.

ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. "நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவரா?" என் வாயில் வரவில்லை. நாயைத் துரத்தச் சொல்கிற வார்த்தை. அசிங்கத்தை மிதித்தால் சொல்வது. எனக்கே ஒருவர் சொல்லிவிட்டு முகம் திருப்பிக்கொண்ட வார்த்தை. என்னைவிட வயதில் மூத்த ஒரு பெண்மணியின் முகத்துக்கு நேராக அதை எப்படிச் சொல்வது? நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவர் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார். "இந்தியா இல்லையா? பிறகு எங்கே?" நான் இன்னும் ஆட்டினேன். வகுப்பு சிரித்தது.

பியேரா என் அருகில் வந்து தன் இரண்டு கைகளாலும் என் தலையைப் பிடித்து அசையாமல் நிறுத்தினார். "தலை வேண்டாம். வாய். சீ!"

"சீ," என்றேன், தரையைப் பார்த்து.

"உரக்க!"

"சீ!"

"பிரமாதம்!" என்று கன்னத்தைத் தட்டினார்.

ஒரு வருஷம் ஆனது, அது நாக்கில் உட்கார. அப்புறம் எழுந்திருக்கவில்லை. கடைக்காரரிடம் சீ, மாமியாரிடம் சீ, பஸ்ஸில் சீ. இந்த ஊரில் தமிழ் பேச எனக்கு ஒரு ஆள் கிடையாது. பாவ்லோவின் தமிழ் சைக்கிள் கடைத் தமிழ். இத்தாலிக்குத் திரும்பியதும் அவர் அதை மறந்துவிட்டார். நான் தமிழில் பேசியது கனவில்தான், அங்கேயும் நடுநடுவே இத்தாலி மொழி வந்தது.

4

என் தங்கை மல்லிகா விடாமல் அப்பாவிடம் பேசிப் பார்த்தாள். மூன்றாவது வருஷம் ஒரு கடிதம் வந்தது. அப்பா போனில் பேசச் சம்மதித்துவிட்டார். எங்கள் தெருவில் போன் இருந்தது இரும்புச் சாமான் கடை வைத்திருந்த காதர் பாய் வீட்டில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே வந்து உட்கார்ந்திருப்பார், கூப்பிடு என்று எழுதியிருந்தாள்.

என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எப்படி இருக்கீங்கப்பா. உடம்பு எப்படி இருக்கு. என்ன மன்னிச்சிடுங்க. பாத்திரம் கழுவும்போதும் சொல்லிப் பார்த்தேன். ஆபரேட்டரிடம் பதிவு செய்து காத்திருந்தோம். மாமியார் ரேடியோவை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். லைன் கிடைத்ததும் முதலில் காதர் பாய் சத்தம், பிறகு யாரோ நாற்காலி நகர்த்தும் சத்தம்.

"வசந்தா?" என்றார் அப்பா.

நான் படித்து வைத்ததெல்லாம் போய்விட்டது. "அப்பா," என்றேன். அழுகை வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து கடல் மாதிரி ஒரு இரைச்சல் மட்டும்.

பிறகு கேட்டார், ரொம்ப மெதுவாக. "ஒரு தடவ ஊருக்கு வந்துட்டுப் போறியாம்மா?"

அவர் என்னை அம்மா என்று கூப்பிட்டதில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பொங்கிக்கொண்டு வந்தது. வாய் முந்திக்கொண்டது. "சீ! சீ! சீ!" என்றேன்.

லைன் போய்விட்டது.

அந்தக் காலத்தில் லைன் போவது பெரிய விஷயமில்லை. நான் மறுபடி முயற்சி செய்யச் சொன்னேன், கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. "அப்பா வரச் சொல்லிட்டார்" என்று மாமியாரைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்பதே எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆமாம் என்றுதான் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிக்கெட் எப்போது எடுக்கலாம் என்று மல்லிகாவுக்கு எழுதினேன். பதில் தாமதமாக வந்தது. "அப்பா போன்ல பேசிட்டு வந்து நீ நல்லா இருக்கேன்னு மட்டும்தான் சொன்னார். உன்ன வரச் சொன்னாரான்னு கேட்டேன். எழுந்து போயிட்டார். உன் பேச்ச எடுத்தாலே போயிடறார். அக்கா, நீ ஏதாவது தப்பாப் பேசிட்டியா?"

அந்தக் கடிதத்தை வகுப்புக்கு எடுத்துப்போயிருந்தேன். என்ன தப்பு என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் பாடம் காதில் விழவில்லை. பியேரா அதைக் கவனித்திருக்க வேண்டும். சத்தமாகக் கூப்பிட்டார். "கண்ணப்பன்?"

"சீ," என்றேன்.

அப்போதுதான் கேட்டது. அப்பாவின் பேர், அதற்கு என் பதில். இரண்டும் அடுத்தடுத்து, அந்தச் சின்ன அறையில்.

5

குட்டி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். எரித்ரியாப் பெண் என் முதுகைத் தடவினாள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குத் தெரிந்த உடைசல் மொழியில் சொன்னேன். என் பாஷையில் இந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. காறித் துப்புவது மாதிரி. அப்பா கேட்டார். நான் இதைச் சொன்னேன். மூன்று தடவை.

முதலில் மொரோக்கோக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அடக்கத்தான் பார்த்தார். பிலிப்பைன்ஸ் பெண்களுக்கும் வந்தது. பியேரா, "ஐயோ பாவம், ஐயோ பாவம்" என்று என்னை மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் வயிறு குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வெளியிலிருந்து கேட்டால் அது சிரிப்பான கதைதான். அந்தக் கூட்டத்தில் அழுகிறவள் நான் ஒருத்தி மட்டும்தான் என்று கண்டபோது, நானும் சிரித்தேன்.

அது எவ்வளவு சுலபமாக இருந்தது! அன்றுதான் முதல் தடவையாக நான் அந்த வகுப்பில் ஒருத்தி ஆனேன். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து யாரும் என் பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. பாவ்லோவிடம் சொன்னேன், அவர் நண்பர்களிடம் சொன்னார். விருந்துக்குப் போனால், "வசந்தா, அந்தப் போன் கதை" என்பார்கள். சொல்லச் சொல்ல மொழி திருத்தமானது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கண்ணை உருட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். பியேரா புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்வாராம். என் இத்தாலி மொழி நன்றாக இருக்கிறது என்கிறார்களே, அந்தக் கதையைச் சொல்லித்தான் நான் அதைப் படித்தேன்.

ஊருக்கு மட்டும் எழுதவில்லை. மல்லிகா கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் சத்தமாகப் படிப்பாள். அப்பா யாரிடமும் சொல்லாமல் மறைத்ததை நான் எப்படிக் கடிதத்தில் போட்டு உடைப்பது? இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. எழுத உட்காருவேன், எழுதும்போதே விருந்தில் சொல்கிற மாதிரி வரும். அத்தனை பேரைச் சிரிக்க வைத்துவிட்டு அதையே அழுது எழுத எனக்கு முகம் இல்லை. நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். லீலா பிறந்தாள். அச்சகத்தை மூடினார்கள், பாவ்லோ வேறு வேலை தேடினார். வருஷங்கள் போய்விட்டன.

6

மல்லிகாவின் கல்யாணத்துக்குப் போனோம். லீலாவுக்கு அப்போது ஐந்து வயது. மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கினபோது அப்பா கடை வாசலில் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. "வாங்க," என்றார். அது மூன்று பேருக்குமான வாங்கவா, அல்லது என்னையும் வெளி ஆளாக வைத்த வாங்கவா என்று எனக்குத் தெரியவில்லை. பாவ்லோவின் கையைப் பிடித்துக்கொண்டார். லீலாவுக்கு பிஸ்கட் வாங்கிவந்தார். என்னிடம் பேசாமல் இல்லை. தண்ணி எடுத்துக்கோ, ஃபேன் போட்டுக்கோ. அவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காதர் பாய் வீட்டுக்குப் போனேன், ஷமீம் அக்காவுக்கு ஒரு சால்வை கொண்டுவந்திருந்தேன். பாயின் மனைவி அவர். சால்வையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, போன் இருந்த மூலையைக் காட்டினார்.

"அங்கதான் உக்காந்து பேசினார் உங்கப்பா. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. எவ்ளோ நேரம் பேசினார் தெரியுமா? பொண்ணுக்கு பில்லு ஜாஸ்தி ஆயிடுமேன்னு எங்க வீட்டுக்காரர் கவலப்பட்டாரு."

"ரொம்ப நேரமாக்கா?"

"பின்ன? 'சரிம்மா, அவசரம் ஒண்ணும் இல்ல, எப்ப முடியுதோ அப்ப வா. குளுருல வெளிய சுத்தாத. பாவ்லோ தம்பிய கேட்டேன்னு சொல்லு'ன்னு எவ்ளோ பாசமா! எங்களுக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஒரு கையால போன் பொட்டிய இறுக்கிப் புடிச்சிக்கினு பேசினார், எங்க உழுந்துடுமோன்ற மாதிரி."

நான் சீ என்ற அடுத்த நொடியே லைன் போயிருந்தது. அதைத் துண்டித்தது அப்பாவின் விரல்தான். பெற்ற மகள் காறித் துப்பியது அந்த வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று, செத்துப்போன போனில் தனியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பாவ்லோவின் பேரை அவர் எங்கள் வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. அங்கே சொல்லியிருக்கிறார். அதெல்லாம் பாய் வீட்டுக்காரர்களுக்காகப் பேசியதா, எனக்காகப் பேசியதா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, இன்றுவரை. அவர் அங்கே ஒப்பேற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நான் இங்கே மாமியாரைக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எத்தனை விருந்துகள்!

வீட்டுக்கு வந்தபோது அப்பா கடையில் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே சாப்பாட்டுக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, அன்னிக்கு போன்ல…"

"எந்த போன்ல?"

"பாய் வீட்ல. நீங்க ஊருக்கு வர்றியான்னு கேட்டீங்க. நான் ஒண்ணு சொன்னேன்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "உடும்மா. பழசு."

"அவங்க பாஷையில ஆமான்றதுக்கு அதாம்பா வார்த்தை. பள்ளிக்கூடத்துல அடிச்சு அடிச்சு சொல்லிக்குடுத்தாங்க. நாளெல்லாம் அதையே சொல்லி சொல்லி, உங்ககிட்ட அது வந்துடுச்சு. எனக்கே தெரியலப்பா."

பெடலைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. சக்கரம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. தெருவில் பாவ்லோ லீலாவிடம் ஏதோ கேட்டார். அவள் தன் வழக்கப்படி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு ஓடினாள். அப்பா அந்தப் பக்கம் பார்த்தார்.

"ரெண்டு நாளா பாக்கறேன்," என்றார். "பெத்த அப்பன நாய வெரட்டற மாதிரி சொல்லுதே இந்தக் கொழந்தன்னு. வளப்பு சரியில்லன்னு நெனச்சேன்."

"அது ஆமான்னு சொல்லுதுப்பா."

துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். "நான் அன்னிக்கு உன்ன சொன்னத, நீ வெச்சிருந்து எனக்குத் திருப்பிக் குடுத்துட்டேன்னு நெனச்சேன். நியாயந்தானேன்னு உட்டுட்டேன்."

நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப," என்றார், "வர்றேன்னுதான் சொன்னியா?"

"வர்றேன்னுதாம்பா சொன்னேன்."

அவர் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், இவ அன்னிக்கே வர்றேன்னுதான் சொல்லியிருக்கா."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளிடம் அவர் எதையும் சொன்னதே இல்லை.

"என்னிக்கு?" என்றாள். "அதான் வந்துட்டாளே. கைய கழுவிட்டு ரெண்டு பேரும் வாங்க, சோறு ஆறுது."